கெபார்டா, பூக்கா, எஸ்-300ஆ: வான் பாதுகாப்பு வண்டியை மாடலாகக் கட்டும் முன்

கேள்வி இதுதான்: "1/35 அளவில் மூன்று டாங்கி கட்டி முடித்திருக்கிறேன், மூன்றுக்கும் பிரஷ்ஷால்தான் பெயின்ட் அடித்தேன். இப்போது ஏர்பிரஷ் வாங்கியிருக்கிறேன். அடுத்ததாக ரேடார், ஏவுகணை எல்லாம் உள்ள நவீன வான் பாதுகாப்பு வண்டி ஒன்று கட்ட ஆசை. எஸ்-300 பெட்டியைப் பார்த்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. எதை எடுக்கலாம்? டாங்கியில் வராத சிக்கல் எதெல்லாம் இதில் வரும்?"

ரஷ்ய ஏவுகணை வண்டியான எஸ்-300ஐ இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரட்டைப் பீரங்கி வைத்த ஜெர்மன் வான் பாதுகாப்பு வண்டியான கெபார்டை எடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். ஆனால் எந்த வண்டியை எடுத்தாலும், ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) முதல் பாகத்தை வெட்டும் முன்பே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வண்டி அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது?

டாங்கிக்கு இந்தக் கேள்வி பெரிதாக எழுவதில்லை. டரட்டை, அதாவது பீரங்கியோடு சுழலும் மேல்பகுதியை, எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் டாங்கி டாங்கியாகத்தான் இருக்கும். வான் பாதுகாப்பு வண்டி அப்படியல்ல. சாலையில் ஓடும்போது அதற்கு ஓர் உருவம், வானத்தைக் கவனித்துக் காத்திருக்கும்போது இன்னொன்று, சுடும்போது வேறொன்று. ரேடார் மடங்கியிருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா, வண்டியைத் தாங்கும் ஜாக்குகள் தரையில் இறங்கியிருக்கின்றனவா, ஏவுகணைக் குழாய்கள் படுத்திருக்கின்றனவா நிற்கின்றனவா, கேபிள் இழுத்திருக்கிறார்களா, ஓட்டுநர் கதவு திறந்திருக்கிறதா என்பதெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் விஷயங்கள். ஒன்றை மாற்றினால் மற்றதும் மாற வேண்டும். கிட்டோடு வரும் விளக்கத் தாள் இதைச் சொல்லித் தராது. "ரேடாரை இப்படியும் ஒட்டலாம், அப்படியும் ஒட்டலாம்" என்று இரண்டு படம் போட்டு நிறுத்திவிடும். எந்த ரேடார் நிலைக்கு எந்த ஜாக் நிலை பொருந்தும் என்பதை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

எஸ்-300ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 5பி85எஸ் என்ற ஏவு வண்டி மாஸ்-543 வகை எட்டுச் சக்கர லாரியின் மேல் கட்டியது. நான்கு குழாய்களும் படுத்திருந்தால் அது பயணத்தில் இருக்கிறது. செங்குத்தாக நின்றால் ஏவத் தயாராக இருக்கிறது. தயார் நிலை என்றால் ஜாக்குகள் கீழே இறங்கித் தரையில் ஊன்றி நிற்க வேண்டும், அடியில் தகடுகள் பதிந்திருக்க வேண்டும். வண்டியின் பாரம் ஜாக்குக்குப் போய்விடுவதால் டயர் அடியில் அமுங்கித் தெரியக்கூடாது. குழாய்களை நிமிர்த்தி, ஜாக்குகளை மேலேயே மடக்கி ஒட்டிய மாடல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெயின்ட் வேலை அபாரமாக இருக்கும், ஆனால் வண்டியைத் தெரிந்தவர் கண்ணுக்கு அது அடுத்த நொடி சாய்ந்துவிடும் போலத் தோன்றும். அப்புறம் இட விஷயம். அந்த வண்டியின் நீளம் 13 மீட்டருக்குச் சற்று மேல். 1/35இல் அது 37 செ.மீ. தாண்டும். அலமாரியை அளந்துவிட்டுக் காசைக் கொடுங்கள். எஸ்-400தான் வேண்டும், இடம் இல்லை என்றால் ஸ்வெஸ்தா நிறுவனம் 1/72 அளவில் ஒன்று போட்டிருக்கிறது. அது மேஜை மூலையிலேயே அடங்கிவிடும்.

ரஷ்யாவின் பூக் அழகான ஏவுகணை வண்டி. மெங் நிறுவனம் 1/35இல் அதன் 9கே37எம்1 வகையை நன்றாகவே செய்திருக்கிறது. ஆனால் அதன் நான்கு ஏவுகணைகளும் குழாய்க்குள் மறைந்திருப்பவை அல்ல, திறந்த தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்திருப்பவை. ஒவ்வொன்றும் நிஜத்தில் 5.55 மீட்டர் நீளம், அதாவது மாடலில் ஏறக்குறைய 16 செ.மீ. ஒவ்வொன்றிலும் நடுவில் நான்கு இறக்கை, வாலில் நான்கு துடுப்பு. மொத்தம் 32 தகடுகள், எல்லாம் ஒன்றுக்கொன்று சரியாக 90 டிகிரியில் நிற்க வேண்டும். நான்கு ஏவுகணைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒன்று இரண்டு டிகிரி சாய்ந்தால்கூட உடனே தெரியும். இன்னொரு ரஷ்ய வண்டியான பான்ட்சிர்-எஸ்1இல் வேறு மாதிரி உழைப்பு: 12 ஏவுகணைக் குழாய்கள். எந்த கிட்டாக இருந்தாலும் குழாய் இரண்டு பாதியாக வந்தால் இரண்டு பக்கமும் தையல் (பாதிகள் சேரும் கோடு) விழும், ஆக 24 தையல்களைத் தேய்த்து மறைக்க வேண்டும். பொறுமை இருக்கிறது என்றால் எடுங்கள், நான் தடுக்கவில்லை. ரஷ்யாவின் டோர் வண்டி இந்த வகையில் கருணையுள்ளது. ஏவுகணைகள் டரட்டுக்குள்ளேயே செங்குத்தாக நிற்பதால் வெளியே எதுவும் தெரியாது. சுடும்போது ஏவுகணையை வாயு அழுத்தம் மேலே தூக்கி எறிந்து, காற்றிலேயே அது இலக்குப் பக்கம் சாய்ந்து, அதன் பிறகுதான் மோட்டார் பற்றிக்கொள்ளும். மாடல் கட்டுபவருக்கு இதில் ஒரு லாபம்: நெருப்பு பட்ட கறையை டரட் மேல் பூச வேண்டிய தேவை இல்லை.

நம் ராணுவத்து வண்டி வேண்டும் என்றால் ஷில்கா, துங்குஸ்கா, ஓசா, ஸ்ட்ரெலா-10 நான்குமே இந்திய ராணுவத்தில் இருப்பவை. துங்குஸ்காவை பாண்டா ஹாபி 1/35இல் போட்டிருக்கிறது. அதிலும் பின்பக்கத் தேடு ரேடார் மடங்கும், முன்பக்கத் தட ரேடார் தனி. நான் கீழே கெபார்டுக்குச் சொல்வதில் பாதி அதற்கும் பொருந்தும்.

சரி, கெபார்டு. லெபர்டு 1 டாங்கியின் அடிப்பகுதி மேல் இரட்டை 35 மி.மீ. பீரங்கி, இரண்டு ரேடார். ஜெர்மன் ராணுவத்துக்கு 1976இலிருந்து வரத் தொடங்கியது, 2010இல் அங்கே ஓய்வு பெற்றது, ஜூலை 2022இல் உக்ரைனுக்குப் போய்ச் சேர்ந்து மறுபடி வேலைக்கு வந்தது. அதனால் ஐம்பது ஆண்டுக் காலப் படங்கள் கிடைக்கின்றன. மெங், டாகோம் இரண்டும் நல்ல கிட் போட்டிருக்கின்றன. டாமியாவின் பழைய கிட்டும் இருக்கிறது, ஆனால் அது அந்தக் காலத்துத் தரம். உங்களுக்கு டாங்கி அனுபவம் இருப்பதால் சக்கரம், டிராக், அடிப்பகுதி எல்லாம் பழகிய வேலை. புதிதாகக் கற்க வேண்டியது டரட் மட்டும். இதனால்தான் இதை முதலில் எடுக்கச் சொல்கிறேன்.

கையில் லெபர்டு 1 கிட் மீந்து கிடக்கிறது, அதன் அடிப்பகுதியைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். கெபார்டின் உடல் மூன்றாவது, நான்காவது சக்கரங்களுக்கு நடுவே 8 செ.மீ. நீளமானது. மாடலில் அது 2.3 மி.மீ. கேட்க அற்பமாகத் தோன்றும், ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் சக்கர இடைவெளி கண்ணில் படும். முன்பக்கம் இடது மூலையில் துணை எஞ்சின் வேறு இருக்கிறது. பெரிய எஞ்சினை அணைத்துவிட்டு ரேடாருக்கு மின்சாரம் தர அதுதான் ஓடும். அதன் புகைக்குழாய் இடது பக்கமாகப் போகிறது. கறுப்புக் கறை அங்கே விழ வேண்டும், டாங்கியில் விழாத இடத்தில்.

இப்போது பீரங்கி. இதில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று. நிஜக் குழலின் துளை 35 மி.மீ., மாடல் 1/35, ஆக மாடலில் துளை மிகச் சரியாக 1 மி.மீ. குழலின் நீளம் அந்தத் துளையைப் போல 90 மடங்கு, ஆக மாடலில் 90 மி.மீ. ஒரு ஸ்கேலை எடுத்து கிட்டில் உள்ள குழலை அளந்து பாருங்கள், தயாரிப்பாளர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்று அந்த ஓர் அளவே சொல்லிவிடும். குழல் முனையில் குண்டின் வேகத்தை அளக்கும் கருவி இருக்கும், தடித்த வளையம் மாதிரி. பிளாஸ்டிக் குழலில் அந்த முனையைத் துளையிடும்போதுதான் பலர் கெடுத்துக்கொள்வார்கள். நேராக 1 மி.மீ. துளைப்பானை வைக்காதீர்கள். முதலில் ஊசி முனையால் நடுவில் ஒரு குழி, பிறகு 0.5, பிறகு 0.8, கடைசியில் 1. ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று, குழலைக் கால் திருப்பு திருப்பி மையம் தப்புகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். இரண்டு குழல் என்பதால் ஒன்று கோணினால் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும். பணம் இருந்தால் கடைந்த அலுமினியக் குழல் தனியாகக் கிடைக்கிறது, இந்த வண்டிக்கு அந்தச் செலவு தகும்.

அடுத்தது, கெபார்டு கட்டும் பலரும் கவனிக்காமல் விடும் இடம். டரட்டின் முன்பக்கம் இருப்பது தட ரேடார், ஒரே இலக்கைப் பிடித்துக்கொண்டு தொடர்வது. பின்பக்கம் கையில் ஏறி நிற்பது தேடு ரேடார், நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றிக்கொண்டே இருப்பது. பயணத்தில் பின் ரேடார் கீழே மடங்கிவிடும். முன் ரேடார் தன் முகத்தைப் பாதுகாப்பாக உள்பக்கம் திருப்பிக்கொள்ளும். ஆகவே பின் ரேடார் நிமிர்ந்து, முன் ரேடார் உள்ளே திரும்பியிருந்தால் தவறு. பின் ரேடார் மடங்கி, முன் ரேடார் வெளியே பார்த்திருந்தாலும் பொருத்தமில்லை. இது எளிது. சுடும் நிலையில்தான் நுணுக்கம் வருகிறது.

சுடும் நிலையில் பீரங்கியும் தட ரேடாரும் ஒரே இடத்தைப் பார்ப்பதில்லை. ரேடார் விமானம் இப்போது இருக்கும் இடத்தைப் பார்க்கிறது. பீரங்கி, குண்டு போய்ச் சேரும்போது விமானம் எங்கே இருக்குமோ அந்த இடத்தைப் பார்க்கிறது. பீரங்கி டரட்டோடு சேர்ந்துதான் திரும்பும், ரேடார் தனியாகவும் திரும்பும். அதனால் டரட் முந்திக்கொண்டு நிற்க, ரேடார் முகம் சற்றுப் பின்வாங்கித் திரும்பியிருக்கும். எவ்வளவு என்று கணக்குப் போடலாம். குண்டு குழலை விட்டுக் கிளம்பும் வேகம் விநாடிக்கு 1175 மீட்டர். வழியில் காற்று அதைக் கொஞ்சம் தளர்த்தும், ஆக 2 கி.மீ. போக 2 விநாடிக்குச் சற்று மேல். குறுக்கே பறக்கும் ஜெட் விநாடிக்கு 250 மீட்டர் போகிறது என்றால் அதற்குள் 500 மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். கோணம் சுமார் 14 டிகிரி. அதுவே மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் வரும் டிரோன் என்றால் 100 மீட்டர்தான் நகரும், கோணம் 3 டிகிரி, கண்ணுக்கு நேராகவே தெரியும். அதாவது 1980களின் ஜெர்மன் பயிற்சிக் களத்தில் ஜெட்டைக் குறிவைக்கும் கெபார்டைக் கட்டினால் ரேடாரை 14 டிகிரி திருப்பி ஒட்டுங்கள். இன்றைய உக்ரைன் வண்டி என்றால் ஏறக்குறைய நேராக ஒட்டுங்கள். நான் முதலில் கட்டிய கெபார்டில் இரண்டையும் ஒரே நேர்கோட்டில் ஒட்டியிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஏதோ பொம்மைத்தனம். இரண்டாவதில் இந்தக் கோணத்தைக் கொடுத்தேன். வீட்டில் மாடல் பற்றி எதுவும் தெரியாதவர்கள்கூட "இது எதையோ துரத்துகிற மாதிரி இருக்கிறதே" என்றார்கள்.

பின் ரேடாரின் கை மெல்லியது. பசையை மட்டும் நம்பினால் ஒருநாள் துடைக்கும்போது கையோடு வந்துவிடும். இணையும் இரண்டு முகத்திலும் 0.5 மி.மீ. துளை போட்டு, கிட்டார் கம்பித் துண்டு ஒன்றைச் செருகுங்கள். பசை காய்ந்த பிறகு அது எலும்பு மாதிரி தாங்கும். நெதர்லாந்து வண்டி கட்ட ஆசை என்றால் கவனம், அவர்களுடைய தேடு ரேடார் வேறு வகை, வடிவமே வேறு. கெபார்டு என்ற பெயரை மட்டும் பார்த்து ஜெர்மன் ரேடாரை அதன் மேல் ஏற்றிவிடாதீர்கள். ஜெர்மன் வண்டியிலேயே பி2எல் என்ற வகையில் லேசர் தூரமானி சேர்ந்திருக்கும், பி2இல் இருக்காது.

நீங்கள் பிற்பாடு பான்ட்சிர், எஸ்-300 பக்கம் போகும்போது தேவைப்படும் என்பதால் குழாய்த் தையலையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பாதியையும் மெல்லிய திரவப் பசையால் ஒட்டும்போது கொஞ்சம் அழுத்துங்கள், உருகிய பிளாஸ்டிக் தையல் வழியே நூலாகப் பிதுங்கி வர வேண்டும். அதைத் துடைக்காதீர்கள். இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டு, கெட்டியானதும் பிளேடின் முதுகால் சுரண்டுங்கள். பிறகு 600, 800, 1000 உப்புத்தாள், தண்ணீர் தொட்டு. தட்டையான கட்டையில் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்தால் வட்டக் குழாயில் ஒரு தட்டைப் பட்டை விழுந்துவிடும். உப்புத்தாளைப் பட்டையாக வெட்டி, ஷூ பாலீஷ் போடுகிறவர் துணியை இழுப்பது போலக் குழாயைச் சுற்றி இரண்டு பக்கமும் மாறி மாறி இழுங்கள். சாம்பல் பிரைமர் ஒரு மெல்லிய கோட் அடித்தால் மிச்சமிருக்கும் பள்ளம் தானே தெரியும். பட்டி அப்போது வைத்தால் போதும்.

பெயின்டுக்கு வருவோம். கெபார்டு 1980களின் நடுப்பகுதி வரை ஒரே நிறம்தான், ஆர்ஏஎல் என்ற ஜெர்மன் நிறப் பட்டியலில் 6014 என்ற மஞ்சள் கலந்த ஆலிவ். அதன் பிறகு மூன்று நிறம்: வெண்கலப் பச்சை 6031, தோல் பழுப்பு 8027, தார்க் கருப்பு 9021. டாமியாவில் எக்ஸ்எஃப்-67, 68, 69 என்று வாங்கினால் மூன்றும் ஆயிற்று. 69 முழுக் கருப்பு அல்ல, கரும்சாம்பல் பக்கம் நிற்கும். சின்ன அளவுக்கு அதுதான் சரி, அசல் கருப்பை அடித்தால் மாடலில் ஓட்டை விழுந்தது போலத் தெரியும். ஏர்பிரஷ் உங்களுக்குப் புதிது என்பதால் கோட்டை வெறும் கையால் வரைய முயலாதீர்கள். முதலில் எல்லாமே பச்சை. அது காய்ந்ததும், போஸ்டர் ஒட்டும் களிம்பைப் பென்சில் தடிமனில் உருட்டி வட்ட விளிம்பாக ஒட்டுங்கள், உள்ளே மறைப்புத் தாள். பிறகு பழுப்பு, அதே மாதிரி கருப்பு. களிம்பு உருண்டையாக இருப்பதால் விளிம்பு சற்று மென்மையாக விழும், நிஜ வண்டியிலும் அப்படித்தான். இந்த மூன்று நிற வடிவம் ஆளுக்கு ஆள் மாறுவதல்ல, வண்டி வகைக்கு ஒரு வரைபடம் உண்டு, கிட்டில் கொடுத்திருப்பார்கள். அதை அப்படியே பின்பற்றுங்கள்.

நம் ஊரில் பெயின்ட் அடிப்பவருக்கு ஒரு தனிப் பாடம். சென்னையில் ஐப்பசி மழையில், காற்று சொட்டச் சொட்ட ஈரமாக இருந்த ஒரு மாலை, லேக்கர் தின்னர் கலந்து பச்சை அடித்தேன். அரை மணியில் டரட் முழுக்கப் பால் தெளித்தது போல வெண்மை படர்ந்துவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் பெயின்டுக்குள் படிந்துவிடுகிறது. மறுநாள் வெயில் வந்த பிறகு, காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் கலந்த தின்னரை மட்டும் மெல்லிய பனி போலத் தெளித்தேன், வெண்மை மறைந்தது. அன்றிலிருந்து மழை நாளில் கட்டும் வேலை, வெயில் நாளில் பெயின்ட் வேலை என்று பிரித்து வைத்துவிட்டேன். மழை நாளில்தான் அடிக்க வேண்டும் என்றால் அந்தத் தாமதத் திரவத்தை முன்பே கலந்துகொள்ளுங்கள். கம்ப்ரசரில் நீர் பிடிக்கும் குப்பி கட்டாயம். லேக்கர் தின்னருக்கு ஜன்னல் திறப்பு மட்டும் போதாது, கரிம ஆவி தடுக்கும் வடிகட்டி உள்ள முகக்கவசம் போடுங்கள்.

பழசாக்கும் வேலையில் டாங்கிப் பழக்கம் நம்மை ஏமாற்றும். விளிம்பெல்லாம் பெயின்ட் உரிந்து வெள்ளி தெரிவது போலத் தொட்டுத் தொட்டு வைப்போம். ரேடார் முகத்தில் அதைச் செய்யவே கூடாது. ரேடார் அலை வெளியே போக வேண்டிய மூடி உலோகமாக இருக்க முடியாது. பூக்கின் மூக்கு, கெபார்டின் தட ரேடார் முகம் இரண்டிலும் உரிந்தால் தெரிவது வெளுத்த இழைக் கலவைதான், பளபளப்பல்ல. அங்கே தூசு, மழைநீர் வழிந்த தடம், கை பட்ட அழுக்கு, அவ்வளவு போதும். மொத்தத்திலேயே இந்த வண்டிகள் காடுமேட்டில் முட்டி மோதுவதைவிட ஓரிடத்தில் நின்று காத்திருப்பவை. கீறலைவிடத் தூசுதான் அதிகம் வேண்டும். குழுவினர் ஏறி இறங்கும் வழியில் மட்டும் பெயின்ட் தேய்ந்து மினுங்கட்டும். கெபார்டின் டிராக்கில் ரப்பர் பட்டைகள் இருக்கும். ரப்பர் மங்கிய கரும்சாம்பல், இணைப்புகளின் முனை மட்டும் தேய்ந்த எஃகு. முழு டிராக்கையும் துருப்பிடித்த பழுப்பாக்கிவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் படம் வேண்டுமே. முன்ஸ்டரில் உள்ள ஜெர்மன் டாங்கி அருங்காட்சியகத்தில் கெபார்டு ஒன்று இருக்கிறது, சுற்றிச் சுற்றி எடுத்த படங்கள் நிறையக் கிடைக்கும். பாகங்களின் வடிவத்துக்கு அவற்றைப் பாருங்கள், அழுக்குக்குப் பார்க்காதீர்கள், அருங்காட்சியக வண்டி துடைத்து வைத்தது. அழுக்குக்கும் நிலைக்கும் களத்தில் எடுத்த படம் வேண்டும். முடிந்தவரை ஒரே வண்டி, ஒரே நாள். பத்து வண்டிப் படங்களிலிருந்து பத்து விவரத்தைப் பொறுக்கிச் சேர்த்தால் எங்கேயும் இல்லாத ஒரு வண்டி வந்து நிற்கும். ஜெர்மன் வண்டி என்றால் எண் பலகை 'ஒய்' எழுத்தில் தொடங்கும், அந்த எண்ணை வைத்தே ஒரே வண்டியின் பல படங்களைத் தேடிப் பிடித்துவிடலாம்.

கடைசியாக, ஒட்டும் வரிசை. டரட்டை உடலோடு ஒட்டாமல் தனியாகவே பெயின்ட் அடியுங்கள். பின் ரேடார், பீரங்கி இரண்டையும் கம்பியில் செருகி மட்டும் வைத்து, எல்லா நிறமும் டீகாலும் (எண், சின்னம் ஒட்டும் படங்கள்) முடிந்த பிறகு ஒட்டுங்கள். கண்ணாடி மூடி வாங்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் பீரங்கியை நீங்கள் முடிவு செய்த கோணத்தில் தூக்கி வைத்து உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ரேடார் நிமிர்ந்தால் கெபார்டின் உயரம் மாடலில் பதினொன்றரை செ.மீ. வரும், ஆனால் குழலை 45 டிகிரிக்குத் தூக்கினால் அதன் முனை ரேடாரையும் தாண்டிப் போகும். உள்ளே 16 செ.மீ. உயரம் உள்ள மூடியாகப் பார்த்து வாங்குங்கள்.